நாலாம் நம்பர் மெஷினின் பச்சை வெளிச்சம்

அத்தியாயம் ஐந்து

காணாமற்போய் இருபத்துமூன்று நாளான வேலுசாமி, ஒவ்வொரு நாளும் காலை ஒன்பது மணிக்கு விழித்துக்கொண்டான்.

விழித்துக்கொண்டான் என்றால், அவன் மனைவி பழனியம்மாவின் கைபேசியில் அவன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சை வெளிச்சம் வந்தது. அவ்வளவுதான். இரவு ஒன்பதரை வரைக்கும் அது எரியும். பிறகு சாம்பல் நிறமாகும். மறுநாள் காலையில் திரும்பவும் எரியும். அவள் எழுதுகிறவற்றுக்குப் பதில் மட்டும் வராது. அவன் கைபேசிக்கு எடுத்துப் பார்த்தால், அது அணைந்து கிடக்கும்.

அவர்கள் குடித்தனம் நடத்தியதே அந்த மெசெஞ்சருக்குள்தான். பழனியம்மா வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து மாடிவீடு ஒன்றில் சமையல் வேலை. அங்கேயே சாப்பாடு, அங்கேயே படுக்கை, மாதத்தில் ஒரு நாள் லீவு. வேலுசாமி நாலு தெரு தள்ளி ஒரு சாமான் கடையில் மூட்டை தூக்கினான். கடை ஸ்டோரிலேயே படுத்தான். ஐந்து வயது மகள் பொகவந்தலாவையில் அவன் அக்காவிடம் வளர்ந்தாள். நாலு தெருவுக்குள் இருந்துகொண்டு புருஷனும் பெண்சாதியும் பார்க்க முடியாமல், அவன் வேலை முடித்து நெட் கபேயில் உட்காருவதும், அவள் குசினி மூலையில் கைபேசியைத் திறப்பதுமாகக் காலம் போனது.

பிறகு ஒரு புதன்கிழமை சாமான் கடைக்கு முன்னால் ஒரு வேன் வந்து நின்றது. எங்கே, எதற்கு என்று சொல்லாமல், கடையில் வேலை செய்த இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போனது. வேலுசாமியை ஏற்றியதை யாரும் காணவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு வேலுசாமியையும் யாரும் காணவில்லை.

பழனியம்மா பொலிஸில் முறைப்பாடு கொடுக்கப் போனாள். எழுதிய ஐயா, புருஷன் ஏதாவது தொடர்பு கொள்கிறானா என்று கேட்டார். அவள் கைபேசியைத் திறந்து பச்சை வெளிச்சத்தைக் காட்டினாள். அவர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எயா இன்னவனே" என்றார். ஆள் இருக்கிறானே என்று அர்த்தம். இருக்கிறவனைக் காணாமற்போனவர்களின் பட்டியலில் எப்படிச் சேர்ப்பது? சிவப்புப் பேனையால் ஒரு கோடு விழுந்தது. கோப்பு மூடப்பட்டது.

அடுத்த பட்டியல் திங்கட்கிழமை மேலிடத்துக்குப் போகும். தடுப்புக் காவலில் இருக்கிறவர்களின் பெயர்களோடு அதை ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். அதற்குள், வெளிச்சத்தை ஏற்றுவது வேலுசாமியின் கை இல்லை என்று யாராவது நிரூபித்தால் அவன் பெயர் திரும்ப ஏறும். நிரூபித்தால், பழனியம்மாவிடம் மிஞ்சியிருக்கும் அந்தப் பொட்டு வெளிச்சமும் பொய்யாகிவிடும்.

இரண்டும் தெரிந்துதான் அவள் நேற்று கொட்டாஞ்சேனைக்கு வந்தாள். கலியாணக் கார்ட் அடிக்கிற அச்சகத்துக்கு மேல்மாடியில், பிறிஜெற்றின் அறையில், கதிரையின் நுனியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே குரலில் சொல்லி முடித்தாள். கடைசியில் சொன்னது இது:

"பொய்யா இருந்தா பொய்யின்னே சொல்லிருங்க மிஸ். எனக்கு இப்ப எதுவும் வலிக்கிறதில்ல."

பிறிஜெற்றுக்கு அந்தக் குரல் புதிதில்லை. பதினொரு வருஷம் தந்திக் கந்தோரில் வேலை செய்தவள் அவள். ஒரு நாளைக்கு ஏழெட்டுச் சாவைக் கையால் எழுதியிருக்கிறாள். செய்தியை எழுதுகிற கை, செய்தியைப் படிக்காமல் எழுதப் பழகிவிடும். வேலையை விட்ட பிறகு ஆள் தேடிக் கொடுக்கத் தொடங்கினாள். இதுவரை முப்பத்தெட்டுப் பேரைத் தேடினாள். உயிரோடு கண்டது இரண்டு பேரை. அந்தக் கணக்கை யாராவது கேட்டால் சொல்லுவாள். தானாகச் சொல்வதில்லை.

வெள்ளிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில், வெள்ளவத்தையில் ஒரு குறுக்குத் தெருவில், மூடியிருந்த நெட் கபேக்கு எதிரே மக்கீனின் ஓட்டோ நின்றது. பின் ஆசனத்தில் பிறிஜெற். அவள் மடியில் பழனியம்மாவின் கைபேசியும், ஒற்றை ரூல் கொப்பி ஒன்றும்.

மக்கீன் முப்பத்தைந்து வயதுக்காரன். ஓட்டோ ஓட்டுவான், கைபேசி திருத்துவான், வாயை மட்டும் மூடமாட்டான். அவர்களை இந்த வாசலுக்குக் கொண்டுவந்து விட்டது அந்தக் கொப்பிதான். வெளிச்சம் வந்த நேரம், போன நேரம், தான் அனுப்பிய செய்தி என்று எல்லாவற்றையும் பழனியம்மா அதில் எழுதி வைத்திருந்தாள். நேற்றிரவு அதைப் புரட்டிய பிறிஜெற், மூன்று வெள்ளிக்கிழமையும் வெளிச்சம் பகல் பன்னிரண்டேகாலுக்கு அணைந்து இரண்டு மணிக்குத் திரும்ப எரிந்ததைக் கண்டுபிடித்தாள். மக்கீன் அதைப் பார்த்துவிட்டு, எனக்கே இவ்வளவு ஒழுங்காக ஜும்மா தொழுகைக்குப் போக முடியவில்லை, வேலுசாமி எப்போது இஸ்லாத்துக்கு வந்தார் என்று கேட்டான்.

வேலுசாமி வரவில்லை. ஆனால் முஸ்லிம் ஒருவரின் கடை ஜும்மா நேரத்தில் பூட்டப்படும். வேலுசாமி மாலையில் போய் உட்கார்ந்த நெட் கபே புவாத் என்பவருடையது. அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

கொப்பியில் ஒரே ஒரு வரி மட்டும் ஒழுங்குக்கு வரவில்லை. இரண்டாவது வெள்ளியில், பன்னிரண்டு ஐம்பதிலிருந்து ஐம்பத்துநாலு வரை பச்சை என்று எழுதியிருந்தது. பழனியம்மா நேரத்தைப் பிழையாகப் பார்த்திருப்பாள் என்று பிறிஜெற் அதை விட்டுவிட்டாள்.

"ஆள் வாறார்" என்றான் மக்கீன்.

வெள்ளைத் தொப்பியோடு, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நடந்து வந்தார். கையில் சொப்பிங் பேக். அதற்குள் இரண்டு சோற்றுப் பார்சல். ஒன்று லஞ்ச் ஷீற்றில் சுற்றியது. இறைச்சிக் கறியின் எண்ணெய் அதில் கசிந்திருந்தது. மற்றதில் வாழையிலை நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. முனைச் சைவக்கடையில் மட்டும்தான் அப்படிக் கட்டுவார்கள்.

"பாத்தீங்களா மிஸ்" என்றான் மக்கீன். "ஒரே வயித்துக்குள்ள ரெண்டு சமயம்."

பிறிஜெற் சிரிக்கவில்லை. புவாத் பூட்டைத் திறந்து, ஷட்டரைத் தூக்கி, உள்ளே போனார். மெயின் சுவிட்ச் விழுகிற சத்தம் தெரு வரைக்கும் கேட்டது. மின்விசிறிகள் சுற்றத் தொடங்கின. பிறிஜெற் மடியைப் பார்த்தாள். வேலுசாமியின் பெயர் சாம்பலாக இருந்தது. ஒரு நிமிஷம் போனது. பெருந்தெருவான காலி வீதிப் பக்கம் ஒரு பஸ் ஹோர்ன் அடித்தது. இரண்டாவது நிமிஷம்.

பச்சை.

"எழும்பிட்டார்" என்றான் மக்கீன். இந்தத் தடவை அவனும் பகிடிக்குச் சொல்லவில்லை.

உள்ளே ஹார்ட்போர்ட் தடுப்புகளுக்கு நடுவில் ஆறு மெஷின்கள் இருந்தன. புவாத் முதலில் அடையாள அட்டையைக் கேட்டார். கபேயில் உட்காருகிற ஒவ்வொருவரின் பெயரையும் இலக்கத்தையும் எழுதி வைக்க வேண்டும் என்று பொலிஸ் உத்தரவு. பெரிய கொப்பி ஒன்றில் பிறிஜெற்றின் பெயரை நிதானமாக எழுதினார். உள்ளே, 2.06. வெளியே என்ற கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு, போகும்போது சொல்லிவிட்டுப் போகச் சொன்னார். எழுதாமல் விட்டால் தனக்குச் சரிவராது என்றார்.

தான் யார், எதற்கு வந்திருக்கிறாள் என்பதைப் பிறிஜெற் மறைக்கவில்லை. வேலுசாமியின் மனைவி அனுப்பியதாகச் சொன்னாள். புவாத் தலையாட்டினார். ஓம், வந்து போகிற பிள்ளைதான், இப்போது கன நாளாகக் காணவில்லை என்றார். பார்சல் இருந்த பையை எடுத்து மேசைக்குக் கீழே வைத்தார்.

அந்தப் பெரிய கொப்பியைப் பார்க்கலாமா என்று அவள் கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தள்ளிவைத்தார்.

அந்தப் புதன்கிழமைப் பக்கத்தில் பதினாறு பெயர்கள். பதினாறாவது, கடைசிப் பெயர் வேலுசாமி. மெஷின் 4. உள்ளே, 5.40. வெளியே என்ற கட்டத்தில் ஒன்றுமில்லை.

அவள் முன்னாலும் பின்னாலும் புரட்டினாள். மாதக் கணக்கில் பக்கங்கள். கோடு போட்டதுபோல் எழுத்து. இப்போது எழுதிய அவளுடையதைத் தவிர, வெளியே என்ற வரிசையில் வேறெங்கும் ஒரு கட்டம்கூட வெறுமையாக இல்லை.

"மறந்து போச்சு" என்றார் புவாத், அவள் கேட்பதற்கு முன்னால்.

நாலாம் நம்பர் மூலையில் இருந்தது. அதற்கு ஹெட்போன் இல்லை. வெள்ளவத்தையில் நெட் கபேக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கனடாவுக்கும் லண்டனுக்கும் கதைக்க வருகிறவர்கள். ஹெட்போன் இல்லாத மெஷினை யார் தொடுவார்கள்? இப்போதும் ஒரு அம்மா வந்து, நாலைத் தாண்டி, ஒன்றாம் நம்பரில் உட்கார்ந்து காதை மூடிக்கொண்டு, தூரத்து மகனோடு உரத்துக் கதைக்கத் தொடங்கினாள்.

மக்கீன் நாலாம் நம்பரில் குனிந்தான். திரையின் கீழ் மூலையில் ஒளிந்திருந்த ஒரு சின்னப் படத்தை அமத்தினான். வேலுசாமியின் மெசெஞ்சர் திறந்துகொண்டது. பாஸ்வேர்ட் கேட்கவில்லை.

அவன் சொன்ன விளக்கம் சுருக்கமானது. முதல் தடவை உள்ளே போகும்போது, என்னை ஞாபகம் வைத்துக்கொள் என்று ஒரு சின்னப் பெட்டி கேட்கும். வேலுசாமி அதில் சரி போட்டிருக்கிறான். ஒவ்வொரு நாளும் போகும்போது வெளியேறிவிட்டுப் போயிருந்தால் பிரச்சினை இல்லை. அந்தப் புதன்கிழமை வெளியேறவில்லை. அதனால் மெஷின், அவன் இன்னும் இங்கேயே உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. மெயினைப் போட்டால் மெஷின் எழும்பும். எழும்பினவுடன் விட்ட இடத்திலிருந்து தொடங்கி, வேலுசாமி வந்துவிட்டான் என்று ஊருக்கெல்லாம் வெளிச்சம் காட்டும்.

"எங்கட வாப்பாகூட என்னை இவ்வளவு ஞாபகம் வெச்சதில்ல மிஸ்."

அப்படியானால் முடிந்தது. நிரூபணம் கையில் வந்துவிட்டது. வெளிச்சம் பொய். பிறிஜெற் தன் மனதுக்குள் ஏதாவது அசைகிறதா என்று பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. முப்பத்தொன்பதாவது ஆள், அவ்வளவுதான். பழனியம்மாவிடம் சொல்ல வேண்டிய வசனத்தைத் தந்திக்கு வெட்டுவதுபோல வெட்டிக்கொண்டிருந்தாள். எத்தனை சொல்லில் முடிக்கலாம் என்று.

"செய்தி எல்லாம் இங்க வந்து கிடக்கு" என்றான் மக்கீன். "ஒண்டையும் ஒருத்தரும் தொடல்ல."

பழனியம்மா ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதி அனுப்பியவை வரிசையாக இறங்கின. முதல் நாட்களில் நீளமாக இருந்தன. எங்க இருக்கீங்க. கடையில வேன் வந்துச்சாம். பச்சையா இருக்கீங்க, ஏன் பேச மாட்டேங்கிறீங்க. என் மேல கோவமா. நான் ஏதாச்சும் சொல்லிட்டேனா. பிறகு குறுகின. இன்னைக்கு இங்க மீன். மழை. பதினைந்தாம் நாளிலிருந்து ஒரே சொல்தான், ஒரு நாளைக்கு ஒரு தடவை. சாப்டீங்களா. அடுத்த நாளும் சாப்டீங்களா. அதற்கடுத்த நாளும்.

மக்கீன் திரும்ப மேலே போய் முதலிலிருந்து படித்தான், பகிடி ஒன்றும் விடவில்லை. அவனுக்கு அது பெரிய விஷயம்.

பிறிஜெற் பழனியம்மாவின் கொப்பியை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். தந்திக் கந்தோர்ப் பழக்கம். அனுப்பியதும் கிடைத்ததும் ஒன்றா என்று பார்க்காமல் ஒரு நாளும் மேசையை விட்டு எழும்பமாட்டாள். கொப்பியில் அறுபத்தொரு செய்தி. மெஷினில் அறுபது.

திரும்ப எண்ணினாள். அறுபது.

இல்லாதது இரண்டாவது வெள்ளிக்கிழமையினுடையது. பகல் பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு அனுப்பியது. கொப்பியில் பழனியம்மாவின் கையெழுத்தில் இருந்தது: பாப்பாவுக்கு இன்னைக்கு அஞ்சு வயசு.

"மக்கீன், ஆள் இல்லாத நேரத்தில அனுப்பினா, அது எங்க போகும்?"

எங்கேயும் போகாது, காத்துக்கொண்டிருக்கும் என்றான் அவன். ஆள் எங்கே முதலில் திறக்கிறாரோ அங்கே போய் விழும். ஒரு தடவை விழுந்தால் மற்ற இடத்துக்கு வராது.

"இந்த மெஷின் பன்னிரண்டேகாலிலிருந்து ரெண்டு மணி வரைக்கும் செத்துக் கிடந்தது. ரெண்டு மணிக்கு எழும்பினப்போ இதுக்கு ஒண்டும் மிஞ்சியிருக்கேல்ல. இடையில ஆரோ வந்து எடுத்துக்கொண்டு போயிட்டினம்."

அவள் விரல் கொப்பியில், பிழை என்று விட்டுவிட்ட அந்த வரியில் நின்றது. பன்னிரண்டு ஐம்பது. நாலு நிமிஷம்.

மக்கீனின் முகம் மாறியது. காசு மிச்சம் பிடிக்க இங்கே வந்து உட்கார்ந்தாலும், வேலுசாமியின் கைபேசியிலும் மெசெஞ்சர் இருந்திருக்கும், அதுவும் அவனை ஞாபகம் வைத்திருக்கும் என்றான் மெதுவாக. அதற்கும் பாஸ்வேர்ட் தேவையில்லை. போட்டவுடன் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். யாரோ அந்த வெள்ளிக்கிழமை அந்தக் கைபேசியைப் போட்டு, அந்த ஒரு செய்தியைப் பார்த்துவிட்டு, அணைத்திருக்கிறார்கள்.

களவெடுத்தவன் என்றால் நாலு நிமிஷத்தில் அணைக்கமாட்டான். மெசெஞ்சரைத் திறக்கவும் மாட்டான், சிம்மைக் கழற்றி எறிந்திருப்பான். மகளின் பிறந்தநாளில் மெசெஞ்சரைத் திறந்து பார்க்க யாருக்குத் தோன்றும்? அது ஒரு கேள்வி. அதைவிடப் பெரிய கேள்வி வேறொன்று. இருபத்துமூன்று நாளில் அந்த நாலு நிமிஷத்துக்கு மட்டும் ஏன் துணிந்தான்? ஒவ்வொரு வெள்ளியும் அந்த நேரத்தில் மட்டும் பக்கத்திலிருந்து விலகிப் போகிற ஆள் யார்?

பிறிஜெற் எழும்பிப் போய்ப் புவாத்தின் மேசைக்கு முன்னால் நின்றாள். ஒன்றாம் நம்பர் அம்மா, குளிர் கூடவா என்று மகனிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேறொன்றும் கேட்காது.

"நீங்க பள்ளிக்குப் போற நேரம் கடையில ஆர் இருக்கிறது?"

"ஒருத்தரும் இல்ல. பூட்டிட்டுத்தான் போற."

"வீட்டில வேற ஆக்கள்?"

மனைவி மக்கள் எல்லாம் புத்தளத்தில் என்றார். இங்கே தான் தனி ஆள், இரவிலும் கடையிலேயே படுக்கை என்றார்.

"அப்ப அந்தச் சைவக்கடைப் பார்சல் ஆருக்கு?"

புவாத்தின் கையிலிருந்த பேனை நின்றது. அவர் மேசைக்குக் கீழே பார்க்கவில்லை. மேலே பார்த்தார். ஒரு கணம்தான். கூரைக்குக் கீழே பலகை அடித்து ஒரு மச்சு இருந்தது. அதன் வாயில் பழைய மொனிட்டர்ப் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

மக்கீன் பின்னாலிருந்து, சமயம் ரெண்டு, வயிறும் ரெண்டு என்று முணுமுணுத்தான்.

புவாத் கதையைச் சொல்லவில்லை. சாமான் எண்ணி வைப்பதுபோல ஒவ்வொன்றாக வைத்தார். அன்றைக்கு வேலுசாமி நாலாம் நம்பரில் உட்கார்ந்திருந்தான். வெளியே சத்தம் கேட்டது. சாமான் கடைக்கு முன்னால் நின்ற வேன் இந்தத் தெருவுக்குள் திரும்பியது. மெல்ல வந்தது. இரண்டு பேரைப் பிடித்துவிட்டு மூன்றாமவனைத் தேடி வந்தது.

"நான் அவனை ஒளிச்சு வெக்கல்ல மிஸ். ஷட்டரை இழுத்தேன், அவ்வளவுதான். பொறகு எப்ப தூக்குறது எண்டு தெரியல்ல."

கைபேசியை வாங்கித் தன் மேசை லாச்சியில் போட்டுப் பூட்டிவிட்டாராம். பெண்சாதிக்குக்கூட ஒரு சொல் போகக்கூடாது என்று சத்தியம் வாங்கினாராம். வேலுசாமி எதையும் எதிர்த்துக் கேட்கவில்லை. கொடுப்பதைச் சாப்பிடுகிறான், சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறான், கதைப்பதில்லை. வெள்ளிக்கிழமையில் மட்டும் இறைச்சி வேண்டாம் என்று சொன்னான். அது ஒன்றுதான் அவன் கேட்டது.

இரண்டாவது வெள்ளியன்று அவன் லாச்சியைத் திறந்ததைப் பிறிஜெற் சொன்னாள். புவாத் லாச்சியைப் பார்த்தார். சாவி, பேனைகள் போட்டு வைக்கும் தகரப் பேணிக்குள்தான் இருந்தது. அது அவனுக்குத் தெரியாதென்று அவர் நினைத்திருந்தார்.

"என்னத்துக்காம்?"

"மகளுக்கு அண்டைக்கு அஞ்சு வயசு."

அவர் சாவி இருந்த பேணியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "எனக்கிட்டச் சென்னீந்தா நானே போனைப் போட்டுக் குடுத்தீப்பேன்" என்றார் பிறகு.

"கொப்பியில வெளிய போன நேரம் எழுதாம விட்டது?"

"போகல்லயே மிஸ். போகாத ஆளைப் போனதா எழுத எனக்குக் கை வரல்ல."

பொலிஸ் எந்த நாளும் புரட்டிப் பார்க்கக்கூடிய கொப்பி அது. தலைக்கு மேல் ஒரு ஆளை வைத்துக்கொண்டு, அந்தக் கொப்பியில் ஒரு பொய் நேரம் எழுத மனம் வராத மனிதர். பிறிஜெற் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பேனையை எடுத்து அவர் கையில் கொடுத்து, ஆறு பத்து என்று எழுதச் சொன்னாள். புவாத் பேனையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். எழுதி முடித்தபோது அந்த எழுத்து மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தது.

அப்போதுதான் மக்கீன் நாலாம் நம்பரிலிருந்து கூப்பிட்டான். மெசெஞ்சரை வெளியேற்றிவிடட்டுமா என்று கேட்டான். அம்பு, வெளியேறு என்ற சொல்லின் மேல் நின்றது. ஒரு அமத்தல். இந்தக் கடைக்கும் வேலுசாமிக்கும் தொடர்பே இல்லாமற் போய்விடும். அதுதானே பாதுகாப்பு?

பிறிஜெற் நாலாம் நம்பருக்குப் போய்த் திரையைப் பார்த்தாள்.

அவள் கையில் இருந்த நிரூபணத்தைத் திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தால், ஐயா முதலில் கேட்கப்போவது என்ன? எந்த மெஷின், எந்தக் கடை. கேட்டதும் ஆள் வரும். மூடிய கோப்பு திறக்கும். திறந்த கோப்பைப் பத்துப் பேர் படிப்பார்கள். அந்தப் பத்துப் பேரில் வேனுக்குச் சொல்லி அனுப்பியவன் இருக்கிறானா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது. தெரியாது என்பதே போதும். பச்சையாக எரிகிறவனை யாரும் தேடுவதில்லை. இருக்கிறானே என்று கோடு போட்டுவிட்டார்கள். இருபத்துமூன்று நாளாக அவனை மறைத்து வைத்திருந்தது அந்த மச்சு மட்டும் இல்லை. ஹெட்போன் இல்லாத இந்த மெஷினும்தான். அதை ஒருவரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை.

அணைத்தால், ஆள் திடீரென்று இல்லாமற் போனதாக ஆகும்.

"விடு" என்றாள். "எரியட்டும்."

மக்கீன் கையை எடுத்துக்கொண்டான். புவாத், மேலே போய் ஆளைப் பார்க்கிறீர்களா என்று கேட்டார். பிறிஜெற் மொனிட்டர்ப் பெட்டிகளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. யாராவது கேட்டால், காணவில்லை என்று அவள் உண்மையாகவே சொல்ல வேண்டும். இந்த மனிதரைப் போலவே அவளுக்கும் பொய் அவ்வளவாக வராது.

"எவ்வளவு நாளைக்கு மிஸ்?" என்று கேட்டார் அவர்.

அவளுக்குத் தெரியாது. தெரியாது என்றே சொன்னாள். சோறு ஆறிப்போகும், மேலே கொடுங்கள் என்றும் சொன்னாள்.

புவாத் கொப்பியை இழுத்து அவள் பெயருக்கு நேரே எழுதினார். வெளியே, 3.10.

மாலை ஐந்து மணிக்குப் பழனியம்மா குப்பை வாளியோடு மாடிவீட்டின் பின் கேற்றுக்கு வந்தாள். அந்த நேரம்தான் அவள் வெளியே வரலாம். கேற்றுக்கு அப்பால் தண்டவாளம், அதற்கு அப்பால் கடல். மக்கீன் ஓட்டோவைத் தள்ளி நிறுத்திவிட்டு, அவனாகவே அங்கே இருந்துகொண்டான்.

பிறிஜெற் கைபேசியையும் கொப்பியையும் நீட்டினாள். பழனியம்மா இடக்கையால் வாங்கினாள். வலக்கையில் வாளி.

"பொய்தானுங்களா மிஸ்?"

கேட்டுவிட்டு, தந்தி வாங்குகிறவர்கள் நிற்பதுபோல நின்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

பிறிஜெற் வழியெல்லாம் சொற்களை வெட்டிக்கொண்டு வந்திருந்தாள். இடத்தைச் சொல்லக்கூடாது. ஆளைச் சொல்லக்கூடாது. இவள் அறிந்தால் இன்றைக்கே நாலு தெருவையும் ஓடிக் கடந்துவிடுவாள். இவளுக்குப் பின்னால் யார் வருவார்கள் என்று யாருக்குத் தெரியும்.

"திங்கக்கிழமை நீங்க அங்க போக வேண்டாம்" என்றாள். "பட்டியலில பேர் ஏற வேண்டாம். அந்தக் கோடு அப்பிடியே கிடக்கட்டும். நீங்க எழுதுறதை நிப்பாட்டாதேங்கோ. ஒவ்வொரு நாளும் எழுதின மாதிரியே எழுதுங்கோ. வேற ஒண்டும் கேக்காதேங்கோ, என்னட்டையும் கேக்காதேங்கோ."

கல்கிசைப் பக்கம் போகிற ரயில் வந்தது. கதவுகளில் ஆட்கள் தொங்கிக்கொண்டு போனார்கள். அது முழுதாகப் போய் முடியும் வரைக்கும் பழனியம்மா பிறிஜெற்றின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எங்கே என்று கேட்கவில்லை. யார் வைத்திருக்கிறார்கள் என்று கேட்கவில்லை. ரயிலின் சத்தம் அடங்கிய பிறகு அவளுக்குத் தெரிந்த அந்த ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"சாப்ட்டாருங்களா?"

"இண்டைக்கு வெள்ளிக்கிழமைதானே" என்றாள் பிறிஜெற். "மரக்கறி."

பழனியம்மா தலையாட்டினாள். திரும்பவும் ஒரு தடவை ஆட்டினாள். பிறகு வாளியை மெதுவாகக் கீழே வைத்தாள். அதன் கம்பி அவள் உள்ளங்கையில் ஆழமாக ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தது. வந்ததிலிருந்து அதை இறக்கி வைக்காமலே நின்றிருக்கிறாள். அந்தக் கோட்டை மற்றக் கையின் பெருவிரலால் தேய்த்தாள். என்னவென்று விளங்காதவள்போல அதையே பார்த்தாள்.

"கை வலிக்குதுங்க மிஸ்" என்றாள்.